வண்டி ஆச்சா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆரம்பிச்ச வேலையை முடிப்பது எப்படின்னு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பார்க்கிங்கில் ஏழு வருஷம் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த வண்டி யாருடையது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் எலி குட்டி போட்டது, பூனை குட்டி போட்டது, இந்தப் பிள்ளைகள் தொலைத்த கிரிக்கெட் பந்து மட்டும் ஆறு கிடைத்தது. "வேலையை முடிக்காமல் இழுப்பது எப்படி" என்று தலைப்புக் கொடுத்திருந்தால் இன்னும் விவரமாகப் பேசியிருப்பேன். இருந்தாலும் போன ஆடிப்பெருக்கு அன்று அந்த வண்டி கேட்டைத் தாண்டித் தானாக ஓடிப் போனதை நீங்களும் பார்த்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறேன்.

வண்டி 1970-ஆம் வருஷத்து ஃபியட் 1100 டிலைட். 1089 சி.சி. இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு சீட். என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் காசு இருந்தாலும் கடைக்குப் போய் கார் வாங்க முடியாது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பாவும் காத்திருந்துதான் வாங்கினார். வருஷா வருஷம் ஆடி 18 அன்று காவேரிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தி, கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மகுடேசுவரர் கோயிலைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வருவார். 1996-இல் இன்ஜின் ஜாம் ஆகி நின்றது. பழைய வீட்டு மாட்டுக் கொட்டகையில் தள்ளி வைத்தோம்.

2010-இல் நான் அதைக் கையில் எடுத்தேன். ஆறு மாசம், 60 ஆயிரம் ரூபாய். இதுதான் என் எஸ்டிமேட். வங்கியில் எத்தனையோ பேருடைய எஸ்டிமேட்டைப் பார்த்து, "இது எப்படிங்க இந்தக் காசில் முடியும்?" என்று கேட்டவன் நான். என்னுடையதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. முடிந்தது 14 வருஷத்தில். செலவு 4 லட்சத்து 12 ஆயிரத்துச் சொச்சம்.

முதல் தப்பு முதல் மாசத்திலேயே செய்துவிட்டேன். மொத்த வண்டியையும் ஒரே மூச்சில் பிரித்தேன். கதவு, பானெட், சீட், டேஷ்போர்டு, ஒயரிங், பிரேக் எல்லாவற்றையும் இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிப் போட்டாச்சு. பிரிக்கிறபோது பெரிய வேலை செய்கிற மாதிரி இருக்கும். கை அழுக்காகும், நாலு பேர் வந்து பார்ப்பார்கள், சந்தோஷமாக இருக்கும். அதற்கப்புறம் கொட்டகை முழுக்கத் தகடும் போல்டும்தான். பார்த்தாலே உள்ளே போகக் கால் வராது.

நம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூருக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகப் பிரித்தார் என்று சொல்வார்கள். நாம் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் பிரித்ததைத் திரும்பப் பூட்டினார் என்பதுதான் கதையே. பின்னாளில், 1920-இல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை விட்டு ஆரம்பித்தவர், பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். பூட்டத் தெரிந்ததால் வந்தது அது.

அதனால் உங்களில் யாராவது பழைய வண்டி, பழைய ரேடியோ, பழைய தையல் மிஷின் என்று எதையாவது கையில் எடுத்தால் ஒரு பாகத்தை முடித்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். பிரேக்கா, பிரேக் மட்டும். அது முடிந்து பூட்டின பிறகு கதவுக்குப் போங்கள்.

இரண்டாவது தப்பு, ஒரு பட்டறையை நம்பி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தது. பேர் வேண்டாமுங்க. இன்ஜினைக் கொண்டுபோய் இறக்கினேன். சிலிண்டர் போர் போட்டு, கிராங்க் கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன், ரிங் போட்டுத் தர வேண்டும். "அடுத்த வாரம் சார்" என்று 14 மாசம் சொன்னார்கள். நான் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். நேரில் போய் நின்ற அன்றுதான் இன்ஜினை மேசைமேல் தூக்கி வைத்தார்கள். வேலை நடக்க நடக்கப் பணம், வாரம் ஒரு முறை நேரில் போவது என்று அன்றைக்கு வைத்த வழக்கம் கடைசி வரை காப்பாற்றியது.

நடுவில் சோர்ந்து போனபோது 2016-இல் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் இருக்கும் ஜீடி கார் மியூசியத்துக்குப் போனேன். ஜி.டி. நாயுடு பெயரால் 2015-இல் திறந்தது. பல நாட்டுப் பழைய கார்கள் வரிசையாக நிற்கும். குழந்தைகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். அங்கே போய்விட்டு வந்த மறுநாள் எனக்கு உற்சாகத்துக்குப் பதில் சோர்வுதான் வந்தது. பளபளவென்று நிற்கிற வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்து என் துருப்பிடித்த தரைத்தகட்டைப் பார்த்தால் வேறு என்ன வரும்? அடுத்தவர் முடித்த வேலையை நம்முடைய பாதி வேலையோடு சேர்த்து வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த வண்டிகளும் ஒரு நாள் துருப்பிடித்துத்தான் இருந்திருக்கும்.

2017-இல் பாகப்பிரிவினை ஆகி, பழைய வீடு போய், நாங்கள் இந்த அபார்ட்மென்ட்டுக்கு வந்தோம். வண்டியும் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. 2018-இல் பணி ஓய்வு பெற்றேன். இனி நேரம்தான் நிறைய இருக்கிறதே, மூன்றே மாசத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். வேலையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கும், அதனால் அன்றைக்கு ஏதாவது செய்துவிடுவேன். ஓய்வுக்குப் பிறகு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை, அதனால் எல்லா வேலையும் நாளைக்கு.

அப்பாவுக்கு அப்போது வயது 87. சாயங்காலம் லிஃப்டில் இறங்கி வந்து, வண்டி பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்காருவார். தினமும் ஒரே கேள்வி. "ஏப்பா, வண்டி ஆச்சா?" நானும் ஒரே பதில். "ஆயிட்டே இருக்குதுங்கப்பா."

சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். வங்கியில் ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கழற்றிய போல்டு நட்டுகளை எல்லாம் சின்னச் சின்னத் துணிப்பையில் போட்டு, பணக்கட்டில் சீட்டு ஒட்டுகிற மாதிரி ஒரு சீட்டு எழுதிக் கட்டுவேன். "இடது பின் கதவு, கீல் போல்ட் 4, வாஷர் 4, தேதி." அப்பா பையைப் பிரித்து எண்ணிப் பார்ப்பார். சரியாக இருந்தால் கீழே கையெழுத்துப் போடுவார். ஒரு வாஷர் குறைந்தாலும் போட மாட்டார். மண்டிக் கணக்குப் பார்த்த கண்ணுங்க அது.

2019 புரட்டாசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். வண்டி அப்போது டிங்கரிங் முடிந்து பிரைமர் அடித்த நிலையில் இருந்தது. பெயிண்ட் இல்லை, சீட் இல்லை, இன்ஜின் தனியாகக் கிடந்தது. ஒரு தடவை, வாசல் வரைக்குமாவது, அவரை அதில் உட்கார வைத்து ஓட்டியிருக்கலாம். சீட் இல்லாவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் சேரையே உள்ளே வைத்திருக்கலாம். எல்லாம் சரியாக முடிந்த பிறகு, பெயிண்ட் அடித்த பிறகு, குரோமியம் பூசிய பிறகு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் தார்ப்பாயைத் தூக்கவே இல்லை. நடுவில் கொரோனாவும் வந்தது, நல்ல சாக்காகப் போய்விட்டது.

2022 தொடக்கத்தில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஓடாத வாகனத்தை மூன்று மாசத்துக்குள் எடுக்கவும் என்று. அப்போது கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. இப்போது சொல்கிறேன், அந்தக் கடிதத்துக்குச் சங்கத்துக்கு நன்றி. கெடு இல்லாத வேலை முடியாது.

நான் பழைய இரும்பு வியாபாரியை வரச்சொன்னேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு எடைக்கு ஒரு விலை சொன்னார். 27 ஆயிரம். சரி என்று தலையாட்டினேன். எடைக்குப் போவதற்கு முன்னால் டிக்கியில் இருப்பதைக் காலி செய்யச் சொன்னார். திறந்து பைகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். 43 பை. அதில் 31 பையில் அப்பா கையெழுத்து. கை நடுக்கத்தோடு, ஆனால் தேதியோடு. மீதி 12 பையில் எழுதியவர் கையெழுத்து மட்டும் இருந்தது, சரிபார்த்தவர் இடம் காலி. வங்கியில் 36 வருஷம் வேலை பார்த்தவன் நான். அப்படி ஒரு வவுச்சரை மேசையில் வைத்துவிட்டு ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. இரும்புக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த 12 பையையும் எண்ணிச் சரிபார்த்தது நம் மூன்றாவது மாடிப் பெண்பிள்ளை. அப்போது ஒன்பதாம் வகுப்பு. பந்தைத் தேடி வந்தவளைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு பையில் கணக்குத் தவறு கண்டுபிடித்தாள். கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

அன்றையிலிருந்து மூன்று விதி வைத்துக்கொண்டேன். மூன்றும் வங்கியில் கற்றதுதான்.

முதல் விதி, 90 நாள். வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன். அதற்குப் பிறகு அதை மீட்பது பெரும்பாடு. வேலையும் அப்படித்தான். மூன்று மாசம் தொடாமல் விட்டால், எந்த ஒயர் எங்கே போனது என்பதே மறந்துவிடும். அதனால் வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரமாவது தொட வேண்டும். ஒரு நட்டுக்கு எண்ணெய் விட்டாலும் அது தவணை கட்டினதுதான்.

இரண்டாவது, டே புக். ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, செலவு என்று மூன்று கட்டம். நாலாவதாக "அடுத்த வேலை" என்று ஒரு கட்டம். இதுதான் முக்கியம். எழுந்து போவதற்கு முன்னால் அடுத்த வேலையைச் சின்னதாக எழுதிவிட வேண்டும். "பிரேக் வேலை" என்று எழுதினால் மறுவாரம் இறங்கி வர மனசு வராது. "இடது முன் வீல் சிலிண்டர் ரப்பர் மாற்றுவது" என்று எழுதினால் வந்து உட்கார்ந்து செய்துவிடலாம்.

மூன்றாவது, சஸ்பென்ஸ் கணக்கு. கணக்கு இடிக்கிறது என்றால் அந்தத் தொகையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை முடிப்போம், பிறகு தேடுவோம். கிடைக்காத ஒரு பார்ட்ஸுக்காக மொத்த வேலையையும் நிறுத்தக் கூடாது. வண்டிக் கண்ணாடி பீடிங் எனக்கு ஐந்து மாசம் கிடைக்கவில்லை. உக்கடத்தில் தேடினேன், சென்னை புதுப்பேட்டையில் தேடினேன். அதை சஸ்பென்ஸில் போட்டுவிட்டு ஒயரிங்கை முடித்தேன். இந்த ஃபியட்தான் பிறகு பிரீமியர் பத்மினி என்ற பெயரில் 2000 வாக்கில் வரைக்கும் வந்தது. அதனால் இன்றைக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது. ஆனால் மும்பையில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினிகளும் 20 வருஷக் கெடு முடிந்து 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போய்விட்டன. ஓடுகிற வண்டி குறைந்தால் பார்ட்ஸும் குறையும். தாமதத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

தாமதத்தின் இன்னொரு விலையைக் கையிலேயே கொடுத்தேன். 15 வருஷத்துக்கு மேற்பட்ட காரின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. எனக்கு முன்னாலேயே தெரியும். வண்டிதான் தயாராகவில்லை. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் வின்டேஜ் பதிவு என்று தனி விதி வந்தது. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்று எழுத்து வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம், பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது. எனக்குக் கோயிலுக்கும் சந்தைக்கும் ஓட்ட வேண்டும். அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன். யாருக்காவது இதில் சந்தேகம் இருந்தால் நோட்டோடு வாங்க, சொல்கிறேன்.

எல்லா வேலையையும் முடித்தே ஆக வேண்டுமா என்றால், இல்லை. பி.காம். படித்தபோது ஒரு பாடம். போன காசு போனதுதான், அதைக் காரணம் காட்டி மேலே காசு போடக் கூடாது. நான் பார்ட்ஸுக்காக இன்னொரு பழைய பத்மினியும் வாங்கிப் போட்டிருந்தேன். அதையும் ஓட வைக்கலாம் என்று கொஞ்ச நாள் கனவு. அதை விற்றுவிட்டேன். விற்ற அன்று தூக்கம் நன்றாக வந்தது. ஜி.டி. நாயுடுவே 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அரசாங்க உரிமம் கிடைக்கவில்லை, அதோடு நின்றது. அவர் அதற்காக உட்கார்ந்துவிடவில்லை. "இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பதாக இருந்தால், இந்த வேலையைத் தொடுவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். தொடுவேன் என்றால் முடியுங்கள். இல்லையென்றால் மரியாதையாக ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதுதான் இரண்டிலும் சேராதது.

2024 ஆனியில் வண்டி கிளம்புகிற நிலைக்கு வந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? மேலும் ஒரு கோட் பெயிண்ட் அடிக்கலாம் என்று பார்த்தேன். டேஷ்போர்டு கடிகாரம் ஓடவில்லை, இடது பின் கதவு லாக் விழவில்லை. அப்போது எங்கள் வீட்டம்மா சொன்னார். "ஏனுங்க, மாமா இருக்கும்போதும் இதையேதான் சொன்னீங்க. ஓட்டுங்க." அவ்வளவுதான், மேலே ஒன்றும் சொல்லவில்லை.

உலகத்தின் முதல் கார்க் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் வாங்குவார் யாரும் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மன்ஹைமிலிருந்து போர்ஷைம் வரை, 100 கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் தீர்ந்தபோது வழியில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். வண்டியில் என்னென்ன குறை என்று ஷெட்டில் உட்கார்ந்து யோசித்ததைவிட அந்த ஒரு பயணத்தில் அதிகம் தெரிந்தது.

ஆடிப்பெருக்கு அன்று காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தோம். பக்கத்தில் வீட்டம்மா, பின்னால் நம் மூன்றாவது மாடிப் பெண் தன் அம்மாவோடு. காவேரிக் கரையில் கூட்டம். ஓரமாக நிறுத்தி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, கோயிலைச் சுற்றி வந்தோம். அப்படியே ஈரோட்டு ரோட்டில் ஊஞ்சலூர் வரை போகலாம் என்று ஆசை. போகிற வழியில் பெட்ரோல் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பழைய டேங்கின் துரு. என்னிடம் தொப்பி ஊசி இல்லை, ஸ்பேனர் இருந்தது. குழாயைக் கழற்றி ஊதினேன், கிளம்பியது. நின்றபோது ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, "இது மஞ்சள் மண்டிக்காரர் வண்டியல்லோ?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

கடிகாரம் இன்னும் ஓடவில்லை. கதவு லாக் போன மாசம் சரியானது. இரண்டையும் நோட்டில் சஸ்பென்ஸ் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன், ஒன்றை அடித்தாயிற்று. பைகளில் 42 காலி. ஒரு பையில் மட்டும் இரண்டு போல்டு மிச்சம். எங்கே போட வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. வண்டி அது இல்லாமலே ஓடுகிறது.

உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தார்ப்பாய் இருக்கும். பாதி தைத்த ரவிக்கை, பாதி படித்த கோர்ஸ், பேச ஆரம்பித்து நிறுத்திய உறவு, எதுவாகவும் இருக்கலாம். அதை யாருக்காகச் செய்கிறீர்களோ, அவருக்கு முழுதாக முடித்துத்தான் காட்ட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பாதியிலேயே ஒரு தடவை உட்கார வைத்து ஓட்டிக் காட்டிவிடுங்கள். எனக்கு அது முடியவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டிப் பக்கத்தில் இருப்பேன். போல்டு எண்ண ஆசையுள்ள பிள்ளைகள் வரலாம். அந்த ஆறு பந்தும் என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.